ஓ.பி. சீட்டுக்கு முன்னும் பின்னும்: மாற்றுத்திறனும் சுகாதாரச் சமநீதியும் கற்க விரும்பும் சென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் 3-ஆம் தேதி வந்தால் சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் மாற்றுத்திறனாளிகள் தின விழா நடைபெறும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் தம் சாதனைக் கதையைச் சொல்வார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அவரை நாற்காலியோடு தூக்கித்தான் நான்கு மாணவர்கள் மேடையேற்றினார்கள் என்பதை விழா அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. அந்த மேடைப் படிகளைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம், சமூகப்பணி ஆகியவற்றைப் படிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். கட்டடக்கலை, சட்டம், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஓர் அரைநாள் ஒதுக்க முடிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒரு வரையறை. தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் ஒரு பிரிவினரின் உடல்நலம் மற்றவர்களுடையதைவிடக் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதையே சுகாதாரச் சமநீதி என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும், மனச்சோர்வு, ஆஸ்துமா, சர்க்கரை நோய், பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு அவர்களுக்கு இரு மடங்கு என்றும் கூறுகிறது. கண் தெரியாததால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருவதில்லை. அப்படியானால் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்பதுதான் இந்தப் படிப்பின் முழு வேலையும்.

முதல் வேலை: ஒரு மருத்துவமனைப் பயணத்தை எழுதுங்கள்

புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் தெருவிலிருந்து அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் வழியை ஒரு குறிப்பேட்டில் கட்டம் கட்டமாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வழி உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். காது வேண்டுமா, கண் வேண்டுமா, படியேறும் கால் வேண்டுமா, பேனா பிடிக்கும் விரல் வேண்டுமா, பொறுமையாக நிற்கும் மனம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

வாசலிலிருந்தே எழுதத் தொடங்கலாம். நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. அவை ஏறாமல் இருக்க நட்டுவைத்த இரும்புக் கம்பங்களுக்கு இடையே சக்கர நாற்காலியும் நுழைவதில்லை. அடுத்தது பேருந்து நிறுத்தம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நல்ல சலுகைதான், ஆனால் படிக்கட்டு முழங்கால் உயரத்தில் இருக்கும் பேருந்தில் ஏற முடியாதவருக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூட மிச்சமாவதில்லை. அவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் இலவச மருத்துவத்தின் விலையாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை கொண்டுசென்ற நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை மீண்டும் இயக்கத் தொடங்கியது. உங்கள் தடத்தில் அவை ஓடுகின்றனவா, ஓடினால் எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது, ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்துகிறாரா, அல்லது நடுச்சாலையில் நிறுத்துகிறாரா என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிவிடலாம்.

மருத்துவமனைக்குள் நுழைந்தபின் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். சீட்டு தரும் சாளரம் நிற்பவரின் மார்பளவில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே இருக்கும் ஊழியரின் முகமே தெரியாது. எண்ணை வாயால் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்; காது கேளாதவர் ஒவ்வொரு முறையும் முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தம் முறை வந்ததா என்று ஊகிக்கிறார். எடைக் கருவியில் நிற்க முடியாதவரிடம் “எவ்வளவு இருப்பீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணையே எழுதிக்கொள்கிறார்கள். சில மருந்துகளின் அளவும் மயக்க மருந்தின் அளவும் உடல் எடையை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், நாற்காலியோடு ஏறக்கூடிய ஓர் எடைக் கருவி இல்லாதது எத்தகைய குறை என்பது விளங்கும். பரிசோதனைக் கட்டில் இடுப்பளவு உயரத்தில் இருந்தால் “பரவாயில்ல, உட்கார்ந்தே இருங்க” என்று சொல்லி மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவதும் உண்டு. மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கான முன்பரிசோதனைகள் நடமாட்டக் குறைபாடுள்ள பெண்களுக்குத் தவறிப்போவதற்கு இந்தக் கட்டிலும் ஒரு காரணம். இவர்களுக்குத் திருமணமும் பிள்ளைப்பேறும் எதற்கு என்ற எண்ணம் இன்னொரு காரணம். அதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது, காதால்தான் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரின் அறையில் இரண்டு செய்திகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். முதலாவது, மருத்துவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது. “இவருக்கு என்ன பண்ணுது?” என்று உடன் வந்தவரிடம் கேட்பது நம் ஊரில் மிகச் சாதாரணம்; நோயாளி அங்கேயே உட்கார்ந்திருப்பார். இரண்டாவது இதைவிட ஆபத்தானது. ஏற்கெனவே தெரிந்த குறைபாட்டின் நிழலில் புதிய நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஓர் இளைஞர் இரவெல்லாம் முனகினால், குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்று யோசிப்பதற்கு முன் “அவர் எப்பவுமே இப்படித்தான்” என்ற முடிவு வந்துவிடுகிறது. மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர் நெஞ்சுவலி என்று சொன்னால் அதைப் பதற்றம் என்று ஒதுக்கிவிடுவதும் இதே வகைதான். மருத்துவ மாணவர்கள் இந்த ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால்கூட, பிற்காலத்தில் சில உயிர்கள் பிழைக்கும்.

கடைசிக் கட்டம் மருந்து வாங்குமிடம். காலை, மதியம், இரவு என்பதை மாத்திரை உறையில் பேனாவால் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். பார்வையற்றவருக்கு அந்தக் கோடு எப்படித் தெரியும்? உறையின் ஓரத்தை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று மடித்துக் கொடுத்தாலோ, ரப்பர் பேண்டு போட்டு வேறுபடுத்திக் கொடுத்தாலோ போதும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

எண்களைப் படிக்கும் முறை

இந்தப் பயணக் குறிப்பு கையில் வந்தபின் புள்ளிவிவரங்களைத் திறக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் 16 விழுக்காட்டினர், அதாவது 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக மதிப்பிடுகிறது. இந்தியர்கள் உலகத்தாரைவிட ஏழு மடங்கு ஆரோக்கியமானவர்கள் என்று யாரும் முடிவுகட்டிவிடப் போவதில்லை. வேறுபாடு கேட்கும் கேள்வியில் இருக்கிறது. “உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது இருக்கிறாரா?” என்று வாசலில் நின்று ஒருவர் கேட்டால், திருமண வயதில் பெண் இருக்கும் வீட்டில் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இதற்கு மாற்றாக, மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் 2001-இல் உருவான வாஷிங்டன் குழு ஆறு கேள்விகளைக் கொண்ட ஒரு சிறு தொகுப்பைத் தயாரித்தது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்புக்கருவி வைத்தும் கேட்பதில் சிரமம் உண்டா, நடப்பதில் அல்லது படியேறுவதில் சிரமம் உண்டா, நினைவில் வைத்துக்கொள்வதில் அல்லது கவனம் செலுத்துவதில் சிரமம் உண்டா, குளிப்பது உடுத்துவது போன்றவற்றில் சிரமம் உண்டா, மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் தாம் பேசிப் புரியவைப்பதிலும் சிரமம் உண்டா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் சிரமமே இல்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். ஊனம் என்ற பேச்சே எடுக்காமல் கேட்கலாம் என்பதுதான் இதன் நுட்பம். முதலில் உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ உள்ள வீட்டில் ஏதேனும் ஒரு கேள்விக்காவது “மிகுந்த சிரமம்” என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அந்தப் பாட்டி தம்மை மாற்றுத்திறனாளி என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் சுகாதார நிலையத்தின் படி அவருக்கும் படிதான்.

2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்றில் வெளிவந்த ஒரு தகவலையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் 28.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்தது. உதவித்தொகை, பேருந்துச் சலுகை, இடஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழே வாயில். அதைத் தரும் மருத்துவக் குழுவின் முன் போய் நிற்பதற்கும் மேலே நாம் எழுதிய அதே பயணத்தைத்தான் மேற்கொள்ள வேண்டும், அதுவும் பல முறை. பயணக் குறிப்பை முதலில் எழுதச் சொன்னதற்கு இதுவே காரணம். அது கையில் இல்லாமல் 28.8 என்ற எண்ணைப் படித்தால், மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்ற வழக்கமான பதிலோடு நின்றுவிடுவோம்.

சட்டத்தில் எதைப் படிக்க வேண்டும்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அந்த எண்ணிக்கையை 21 ஆக்கியது. பார்வை, செவி, நடமாட்டக் குறைபாடுகளுடன் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், தசைச்சிதைவு, பார்க்கின்சன் நோய், ஹீமோபிலியா, தலசீமியா, அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியவையும் அதில் அடங்கும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட மூன்று பிரிவுகளை நிதானமாகப் படிப்பது நல்லது.

முதலாவது, வரையறைகளைத் தரும் 2-ஆவது பிரிவு. நீண்டகாலக் குறைபாடு ஒன்று தடைகளோடு மோதும்போது, சமூகத்தில் ஒருவரின் முழுமையான பங்கேற்பு தடைப்படுகிறது என்ற பொருளில் அந்த வரையறை எழுதப்பட்டிருக்கிறது. அதாவது குறைபாடு பாதி, தடை பாதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றி, 2007-இல் இந்தியா ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையிலிருந்து வந்த பார்வை இது. இரண்டாவது, சுகாதாரம் பற்றிய 25-ஆவது பிரிவு. அரசு மருத்துவமனைகளில் மட்டுமன்றித் தனியார் மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிகளும் தடையின்றிச் சென்றுவரத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும், சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. மூன்றாவது, அதிகம் பேசப்படாத 47-ஆவது பிரிவு; மருத்துவர், செவிலியர், ஆசிரியர் முதலியோருக்கான படிப்புகளில் மாற்றுத்திறன் பற்றிய பாடத்தைச் சேர்க்க வேண்டும் என்பது அதில் உள்ளது. உங்கள் பாடத்திட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று துறைத்தலைவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவற்றுடன் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் அளித்த தீர்ப்பையும் படிக்கலாம். தடையற்ற அணுகலுக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மனநலத்தைப் பொறுத்தவரை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய நிகழ்வை அறிந்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறையைப் படிக்கும் எவரும் ஏர்வாடியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

யாரிடம் போய்க் கற்பது

சென்னைக்கு இந்த வகையில் வளம் அதிகம். கோட்டூர்புரத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு தொடங்கி இன்று உரிமைகள் பற்றிய பணிவரை விரிந்திருக்கிறது. மனச்சிதைவு நோய்க்காக மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பேனியன், 1794-இல் பிறந்த கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவுக்குக் கடிதம் எதுவும் இல்லாமலே போகலாம். காமராஜர் சாலையிலுள்ள ‘அனைத்தும் சாத்தியம்’ அருங்காட்சியகத்தில் சமையலறை, குளியலறை, படிப்பு மேசை என ஒவ்வொன்றுக்கும் உரிய உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்க முடியும். அங்கிருந்து வெளியே வந்தால் மெரினாவின் சக்கர நாற்காலிப் பாதைக்கும் நடந்து போய்விடலாம். 2022 நவம்பரில் திறக்கப்பட்ட அந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது; பிறகு சீர்செய்தார்கள். கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தைப் போலவே பராமரிப்புக்கும் பணம் வேண்டும் என்பதை அந்தப் பாதையில் நின்று பேசலாம்.

ஆனால் நிறுவனங்களைச் சுற்றிப் பார்ப்பது மட்டும் போதாது. இருபது பேர் பேருந்தில் போய், அங்குள்ளவர்களைப் பார்த்து, இனிப்பு வழங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் ஆதரிப்பதில்லை. பார்க்கப்படுபவர்களுக்கு அதனால் ஒரு நாள் வீணாகிறது. இருவராகவோ மூவராகவோ, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தொடர்ந்து சில வாரங்கள் சென்று, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்வது மேல். மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் சங்கங்களின் கூட்டங்களுக்கும் செல்லுங்கள். சேப்பாக்கத்திலோ வள்ளுவர் கோட்டத்திலோ அவர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தும் நாளில் ஓரமாக நின்று கோரிக்கைப் பட்டியலைக் கேட்டால், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரிசையில் முன்னுரிமைகள் புலப்படும். உங்கள் வகுப்புக்கு ஒருவரைப் பேச அழைத்தால், அவருடைய வாழ்க்கைக் கதையை மட்டும் கேட்காமல் அவருக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மற்ற விருந்தினர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையும் வண்டிச் செலவையும் அவருக்கும் கொடுங்கள். மேடைக்குச் சாய்வுப்பாதை இல்லையென்றால் எல்லோரும் தரையிலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள்.

பழகும் முறையில் சில செய்திகளை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், “வரட்டுமா சார்?” என்று கேட்டு, உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி நீட்டி, அரை அடி முன்னால் நடங்கள். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அதன்மேல் சாய்ந்து நின்றும் பேசாதீர்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் உடனிருந்தால் அவரைப் பார்க்காமல் காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள். பேசுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்பவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். வயதில் மூத்தவரை “அண்ணா”, “அக்கா”, “சார்”, “மேடம்” என்று நீங்கள் வழக்கமாக அழைப்பது போலவே அழையுங்கள். நாற்பது வயது நிரம்பிய அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரைச் செல்லமாக “நீ, வா, போ” என்பது அன்பாகத் தோன்றினாலும் மரியாதை ஆகாது. “எப்படி ஆச்சு?” என்ற கேள்வியை அவர்களே சொல்லும்வரை கேட்க வேண்டாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்காருவது போன்ற பயிற்சிகளைப் பல கல்லூரிகளில் நடத்துகிறார்கள். இவற்றால் இரக்கத்தோடு அச்சமும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல ஆண்டுகள் பழகித் தேர்ந்தவரின் திறமையை முதல் பத்து நிமிடத் தடுமாற்றம் காட்டிவிடாது. அதற்குப் பதிலாக உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் டாக்பேக் வசதியை இயக்கி, அல்லது கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை நிறுவி, ஒரு மருத்துவமனையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து பாருங்கள். இங்கே சோதிக்கப்படுவது நீங்கள் அல்ல, அந்த இணையதளம். “பொத்தான், பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்” என்று குரல் சொல்லிக்கொண்டே போகும் இடத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால், கணினித்துறை நண்பர் ஒருவர் ஒரு மாலையில் திருத்தித்தரக்கூடிய குறை அது என்பதும் தெரியவரும்.

சொல்வதை எழுதுபவராகச் செல்லுங்கள்

ஒரு மாணவர் செய்யக்கூடிய வேலைகளில் மிக அதிகமாகக் கற்றுத்தருவது எது என்று என்னைக் கேட்டால், பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது என்பேன். நாம் எல்லோரும் ஸ்கிரைப் என்று சொல்லும் இந்த வேலைக்குச் சென்னையில் ஆள் எப்போதும் போதுவதில்லை. பருவத் தேர்வுக் காலத்தில் மாநிலக் கல்லூரி போன்ற, பார்வையற்ற மாணவர்கள் கணிசமாகப் படிக்கும் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கோரிக்கை மேல் கோரிக்கை வரும். எழுதுபவரின் கல்வித் தகுதி குறித்துத் தேர்வுக்குத் தேர்வு விதி மாறும் என்பதால் அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விதிப்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். நான்கு மணி நேரம் தொடர்ந்து எழுத உங்கள் கைக்குப் பழக்கம் இருக்கிறதா என்று முதல் நாளே வீட்டில் எழுதிப் பாருங்கள்.

அறைக்குள் சென்றதும் வினாத்தாள் முழுவதையும், மதிப்பெண்களோடு, நிறுத்தக் குறிகளோடு ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். அவர் எந்தக் கேள்வியை முதலில் எழுதச் சொல்கிறாரோ அதை எழுத வேண்டும். பதில் தவறு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது. முகம் சுளிப்பதை அவரால் பார்க்க முடியாது என்றாலும் மூச்சு விடும் விதத்திலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார். தெரியாத பெயர்ச்சொல் வந்தால் எழுத்துக்கூட்டிக் கேளுங்கள். பக்கம் தீரும்போது சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நேரம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்புக்கொண்டபின் முந்தின நாள் இரவு “வர முடியல” என்று செய்தி அனுப்பாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை. அவருக்கு ஓர் அரியர்.

இந்த வேலைக்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தேர்வு முடிந்து தேநீர் குடிக்கும்போது, கடைசியாக எப்போது மருத்துவரிடம் போனீர்கள், யார் அழைத்துப்போனார், ரத்தப் பரிசோதனை முடிவை யார் வாசித்துச் சொன்னார் என்ற பேச்சு தானாக வரும். தம் பரிசோதனை முடிவைத் தாமே வாசிக்க முடியாதவருக்கு, அதை முதலில் அறிந்துகொள்பவர் எப்போதும் இன்னொருவர்தான். ஹெச்.ஐ.வி. பரிசோதனையாகவோ கருத்தரிப்புப் பரிசோதனையாகவோ இருந்தால் அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நேர்காணல் படிவத்தை நீட்டிக் கேட்டால் இந்தப் பேச்சு வராது.

அளந்து எழுதுங்கள், பிறகு கேளுங்கள்

பருவத்தின் கடைசி வாரங்களில் ஓர் அளவுநாடா வாங்கிக்கொள்ளுங்கள். சாய்வுப்பாதைக்கான பொது விதி எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரை அடிப் படிக்கு ஆறடிச் சாய்வு வேண்டும். பல கட்டடங்களில் அரை அடிக்கு இரண்டடியில் சிமெண்ட் பூசி, மஞ்சள் வண்ணமும் அடித்து, சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். கதவின் திறந்த அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக்குள் நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று எழுதிய கதவைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். உள்ளே துடைப்பமும் பினாயில் கேன்களும் இருந்தால் அதையும் குறியுங்கள். பார்வையற்றவர்களுக்காகத் தரையில் பதித்த மஞ்சள் ஓடுகளில் நீளக் கோடுகள் இருந்தால் நேரே நடக்கலாம், புள்ளிகள் இருந்தால் நில் என்று பொருள். அந்தக் கோடு ஒரு தூணில் போய் முட்டுகிறதா என்று தொடர்ந்து நடந்து பாருங்கள். இந்த அளவெடுப்பை அங்கு வந்துபோகும் மாற்றுத்திறனாளி ஒருவரோடு சேர்ந்து செய்தால் உங்களுக்குத் தோன்றாத இடங்களை அவர் காட்டுவார். நோயாளிகளின் முகம் படத்தில் விழக் கூடாது. பெயரையும் சீட்டு எண்ணையும் குறிக்கக் கூடாது.

தடைகளை மட்டும் எழுதாமல், தடையைச் சுற்றிப்போக வழிசெய்யும் ஏற்பாடுகளையும் ஆராயுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. முடங்கிக் கிடப்பவருக்கு மேலே நாம் எழுதிய பயணம் முழுவதையுமே இது மிச்சப்படுத்துகிறது. உங்கள் தெருவில் அந்த ஊழியரின் பட்டியலில் யார் இருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே இருக்கும் மனநோயாளியோ காது கேளாத மூதாட்டியோ அதில் விடுபட்டிருக்கிறாரா என்று அவரிடமே மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கண்டவற்றை நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை முதலிலும் கட்டட வேலை தேவைப்படுபவை கடைசியிலும் வரும்படி அடுக்கி, அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் நேரில் கொடுங்கள். குற்றப்பத்திரிகை போல எழுதினால் கோப்புக்குள் போய்விடும்; எண்ணைக் கூப்பிடும்போது ஒரு பலகையில் எழுதியும் காட்டலாம் என்பது போல எழுதினால் அடுத்த வாரமே நடக்கக்கூடும். பெரிய வேலைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஏன் சாய்வுப்பாதை இல்லை என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது விளக்கம் கேட்பது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் சென்றுவர முடிகிறதா என்று பார்க்கும் அணுகல் தணிக்கை இந்தக் கட்டடத்தில் எந்தத் தேதியில் நடந்தது, அதன் அறிக்கையின் நகல், அதற்காக ஒதுக்கிய தொகை, செலவான தொகை என்று ஆவணங்களைக் கேளுங்கள். பதில் வரும்போது கல்லூரி விடுமுறையாக இருக்கலாம் என்பதால் மனுவில் விடுதி முகவரிக்குப் பதிலாக வீட்டு முகவரியைக் கொடுங்கள். மனுவின் நகலையும் அஞ்சல் ரசீதையும், மேல்முறையீட்டுக்கான கெடுத் தேதியோடு, அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.